ஓரத்தை வெட்டாத கண்ணாடிக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தக் கடையை ஊரார் 'கண்ணாடிக் கடை' என்றுதான் சொல்கிறார்கள். சாமி படம், பட்டமளிப்புப் படம், காலமானவர் படம், இந்த மூன்றுக்கும்தான் இங்கே கூட்டம். ஓவியத்துக்குச் சட்டம் போட நான் முதலில் போனது தலைநகரில் பெயரெடுத்த வேறொரு கடைக்கு. அங்கிருந்த பையன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓரமெல்லாம் அழுக்காக இருக்கிறது, ஓர் அங்குலம் வெட்டிவிடலாம்" என்றான். படங்களைச் சுருட்டாத குறையாக வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அழுக்குதான் எங்கள் சார். பினாங்கில் அவரிடம் நான்கு வருடம் ஓவியம் படித்தேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மரத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, பேராசிரியராகி, ஓய்வுபெற்றதும் இந்த ஊருக்கே திரும்பி வந்தவர். தூரிகையில் எடுத்த வண்ணத்தை வேறு தாளில் சோதிக்க மாட்டார். படத்தின் ஓரத்திலேயே ஒரு தீற்று. பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: 'காலை 6.50, மழை விட்டது.' பருவம் தொடங்கிய முதல் நாளே எங்களிடமுள்ள பச்சை வண்ணக் குழாய்களையெல்லாம் பிஸ்கட் டின்னில் வசூலித்துவிடுவார். கடைசி நாளில்தான் திருப்பித் தருவார். "கித்தாக் காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, விடியற்காலைப் பச்சையும் ஒன்பது மணிப் பச்சையும் ஒன்றா? கலந்து கண்டுபிடி." பினாங்கின் முன்னோடி ஓவியர் யோங் முன் சென்னின் நீர்வண்ணப் படத்தைக் காட்டினாலும், எங்கே வண்ணமே தொடாமல் தாளை விட்டிருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பார்.

சார் பிப்ரவரியில் காலமானார். அவர் துணைவியாரை நாங்கள் அக்கா என்போம். ஐந்து படங்களைப் பழைய காலண்டர் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்து, "வருடத் திதிக்குள் மாட்டிவிட வேண்டும், பார்த்துக்கொள்" என்றார்.

கண்ணாடிக் கடை அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். படத்தை மேசையில் விரித்தவர் விலை சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், இவர் பால் வெட்டியவரா?"

"சின்ன வயதில் அம்மாவுக்கு உதவியிருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"வெட்டுக் கோட்டைப் பாருங்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது. படம் போடுகிறவர்கள் பாதிப் பேர் இதை மாற்றிப் போட்டுவிடுவார்கள்."

பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் நிறையும் என்று விரலாலேயே வரைந்து காட்டினார். நான்கு வருடம் சாரின் மரங்களைப் பார்த்தும் எனக்கு இது கண்ணில் பட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்ததாக அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். "ஓரத்தில் எழுதியிருக்கிறதே, மறைக்கவா, காட்டவா?"

காட்டச் சொன்னேன். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் உள்வெட்டைப் பெரிதாக்கி, தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி வைத்துக் கொடுத்தார். மேற்பக்கம் மட்டும் இரண்டு சிறு தாள் பட்டைகள், கோதுமை மாவுப் பசை. நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் நீளும், சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக உப்பிவிடும். கண்ணாடி தாளில் படவும் கூடாது, பட்டால் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்துக்கு அவர் எடுத்துக் காட்டியது ரப்பர் மரம். மலிவு மரம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம்தான் இப்படி வருகிறது. அறுத்தவுடன் மருந்தில் ஊறவைக்காவிட்டால் நீலக்கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். இவரிடம் இருப்பவை சுத்தமாக, வெளிர் தேன் நிறத்தில் இருந்தன. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறதல்லவா, சார் ஒருமுறை எங்களைப் பஸ்ஸில் அங்கே அழைத்துப் போய், நாள் முழுக்க அடிமரத்தை மட்டும் வரைய வைத்தார். இலை வரைந்தவளுக்குத் திட்டு விழுந்தது. அது நான்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் என்றவர் மூன்று வாரம் இழுத்தார். தொலைபேசியை எடுப்பதே இல்லை. அமிலம் இல்லாத அட்டை இவரிடம் கிடையாது, நான்தான் ஈப்போவிலிருந்து வாங்கிக் கொண்டுபோனேன். சாதாரண அட்டை சில வருடங்களில் பழுத்துப் படத்தையும் கெடுக்கும். கண்ணாடியும் சாதாரணமானதுதான், வெயிலைத் தடுக்காது. ஒரு சட்டத்தின் மூலையில் இடைவெளி விட்டிருந்தது. சுட்டிக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே பிரித்து மறுபடி செய்தார். படம் ஒன்றுக்கு 85 வெள்ளி (ரிங்கிட்), ரொக்கம் மட்டும். நல்ல பட்டைச் சட்டத்தில் தங்கப் பூச்சு வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.

"வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள்" என்று மூன்று முறை சொன்னார். காரணம் இருக்கிறது. ஒரு படத்தில் பால் வெட்டும் பெண்ணின் தலைத்துண்டு ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும், இப்போது வெளிறிய இளஞ்சிவப்பு. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் வெளுத்துவிடும், வாங்காதீர்கள் என்று எங்களுக்குப் பாடம் நடத்திய மனிதர், இளமையில் அதையே தீட்டியிருக்கிறார்.

படங்களை அக்கா வீட்டுக் கூடத்தில் நானும் அவர் மகனும் மாட்டினோம். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நான்காவதில் நின்றார். இடது ஓரத்தில் இரண்டு நீலத் தீற்றுகளுக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: 'உளுந்து 1 கிலோ, மண்ணெண்ணெய்.'

"மண்ணெண்ணெய் மட்டும் வந்தது" என்றார் அக்கா. "மறுநாள் இட்டலியே இல்லை."