குதிரை டிரெய்லருக்கு எடைப் பகிர்வு ஹிட்ச்: ஈக்வலைசர், ஸ்வேப்ரோ, ஆண்டர்சன் - எது யாருக்கு?

எடைப் பகிர்வு ஹிட்ச் என்பது டிரெய்லரை வண்டியோடு இணைத்து, அதன் எடையை அச்சுகளுக்குப் பகிரும் கருவி. வண்டியின் பின்முனையில் மாட்டி இழுக்கும் பம்பர் புல் வகைக் குதிரை டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கே இந்த மதிப்பீடு. பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டில் மாட்டும் கூஸ்நெக் டிரெய்லரின் எடை வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே இறங்குவதால் அதற்கு இந்தக் கருவி வேண்டாம்.

முதலில் கணக்கு. டிரெய்லரின் முன்நுனி, ஹிட்ச்சில் உள்ள பாலின் (இணைப்புக் குண்டு) மீது அழுத்தும் எடைதான் டங் எடை. அது 300 கிலோ, பால் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சு 100 கிலோவை இழக்கும், பின் அச்சில் 400 கிலோ ஏறும். ஸ்டியரிங் லேசாகிவிடும், முன் சக்கரங்களின் பிரேக் பிடிப்பு குறையும். ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்கள் (வளைந்து கொடுக்கும் எஃகுத் தண்டுகள்) நெம்புகோலாக நின்று அந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. வண்டியின் இழுவைத் திறனை இவை ஒரு கிலோகூட உயர்த்தாது. ரிசீவரில் (ஹிட்ச்சைச் செருகும், வண்டியின் பின்புறக் குழல்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்: எடைப் பகிர்வு இல்லாமல் ஒரு வரம்பு, இருந்தால் இன்னொரு வரம்பு என இரண்டு எண்கள் இருக்கும். வண்டியின் பேலோட் (சுமக்கக்கூடிய எடை) வரம்பில் டங் எடையும், ஹிட்ச்சின் சொந்த எடையும், பயணிகளும் அடக்கம்.

பலரும் தவறுவது பார் தேர்வில்தான். டிரெய்லரின் உச்ச எடையைப் பார்த்து, கடையில் இருப்பதிலேயே பெரிய பாரை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு குதிரை டிரெய்லர் காலியாக 1,300 கிலோ, குதிரைகள் தலா 500 கிலோ, சேணம், தண்ணீர், வைக்கோல் 200 கிலோ என்றால் மொத்தம் 2,500 கிலோ. டங் எடை அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 250 முதல் 375 கிலோ. வண்டியின் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் இதோடு கூட்ட வேண்டும். அது 60 கிலோ என்றால் 310 முதல் 435 கிலோ, பவுண்டில் ஏறக்குறைய 680 முதல் 960. இதற்கு 1,000 பவுண்டு பார் சரி. 600 பவுண்டு பார் போதாது. 1,400 பவுண்டு பார் போதிய அளவு வளையாது. குழி, மேடு ஒவ்வொன்றின் அதிர்ச்சியும் டிரெய்லரின் ஏ-சட்டத்தில் (முன்பக்க முக்கோணச் சட்டம்) நேராக இறங்கும், உள்ளே நிற்கும் குதிரையின் கால்களுக்கும் ஓய்வு இருக்காது.

குதிரை என்பது நகரும் சுமை. அதன் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில் நிற்கிறது. முன்பார்த்து நிறுத்தினால் டங் எடை கூடும், பின்பார்த்து நிறுத்தினால் குறையும். சேண அறை முன்னால் இருந்து, அங்கே 100 லிட்டர் தண்ணீரும் இருந்தால் இன்னும் கூடும். ஒரே குதிரையோடு போகும் நாளில் எல்லாமே மாறிவிடும். ஆகவே டங் எடையை ஊகிக்காமல் எடைமேடையில் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஈக்வலைசர் 600, 1,000, 1,200, 1,400 பவுண்டு எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. இதில் சங்கிலி இல்லை. தலைப்பகுதியின் இரண்டு சாக்கெட்டுகள், சட்டத்தில் பொருத்தும் இரண்டு எல்-பிராக்கெட்டுகள் என நான்கு இடத்து உராய்வு டிரெய்லரின் அலைவை அடக்குகிறது. பெரிய லாரி கடந்து போகும்போது வரும் தள்ளலை நன்றாகவே தாங்கும். ரிவர்ஸ் எடுக்கப் பார்களைக் கழற்ற வேண்டியதில்லை. இதன் குறை சத்தம்: இரும்பும் இரும்பும் உரசித் திருப்பங்களில் முனகும். சாக்கெட்டுகளுக்குத் தவறாமல் கிரீஸ் வைக்க வேண்டும். கனமான எஃகு டிரெய்லரில் எப்போதும் இரண்டு குதிரை ஏற்றுபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

ப்ளூ ஆக்ஸ் ஸ்வேப்ரோவில் பார்கள் சங்கிலியில் தொங்குகின்றன. 550, 750, 1,000, 1,500 பவுண்டு பார்கள் உண்டு. பார் மெலிந்துகொண்டே போகும் ஸ்பிரிங் எஃகு என்பதால் ஓட்டம் மென்மையாக இருக்கும், சத்தமும் குறைவு. சுமை மாறும்போது சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி இறக்கலாம். ஒருநாள் ஒரு குதிரை, மறுநாள் இரண்டு என்று போகிறவர்களுக்கு இந்த வசதி பெரிது. எங்கள் பார்வையில் குதிரைக்கு இதன் ஓட்டமே மேல்.

ஆண்டர்சன் நோ-ஸ்வே கையில் தூக்கிப் பொருத்தும் அளவுக்கு லேசானது, சுமார் 27 கிலோ. பாருக்குப் பதில் சங்கிலியும் யூரிதேன் புஷ்ஷும். பாலே உராய்வுக் கூம்புக்குள் திரும்புவதால் பாலில் கிரீஸ் பூசக் கூடாது. சத்தமே இல்லை. ஆனால் டங் எடை கூடக் கூட, முன் அச்சுக்கு எடையைத் திருப்பும் வேலையில் பின்தங்குகிறது. சிறிய, இலகுவான டிரெய்லருக்கு மட்டும் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும் முதலில் டிரெய்லரின் கையேட்டைப் படியுங்கள். அலுமினியச் சட்டத்தில் கிளாம்ப் நசுக்கிவிடலாம். சில தயாரிப்பாளர்கள் எடைப் பகிர்வு ஹிட்ச்சையே அனுமதிப்பதில்லை. சர்ஜ் பிரேக் (வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையால் இயங்கும் பிரேக்) இருந்தால் கப்ளர் (பாலைக் கவ்வும் டிரெய்லர் முனை) முன்பின் நகர வேண்டும், ஹிட்ச் அதைத் தடுக்கக் கூடாது. பாலிலிருந்து சுமார் 70 முதல் 80 சென்டிமீட்டர் தூரத்தில் பிராக்கெட்டுக்கு இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். ஜாக், கருவிப்பெட்டி அங்கேதான் குறுக்கே வரும்.

பொருத்தும்போது சமதளத்தில் நின்று, டிரெய்லர் இல்லாமல் முன்சக்கர வளைவின் உயரத்தை அளக்கவும். பிறகு டிரெய்லரை மாட்டி, பார் இல்லாமல் அளக்கவும். முதல் அளவு 90 செ.மீ., இரண்டாவது 94 என்றால், பாதியளவு மீட்பது இலக்கானால் பார் மாட்டிய பின் 92 வர வேண்டும். எவ்வளவு மீட்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். 90-க்குக் கீழே இறக்கவே கூடாது. பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். உயரம் போதுமான அளவு இறங்காவிட்டால் ஹிட்ச் தலையைப் பின்னோக்கிச் சாய்க்க வாஷர் சேர்க்கவும். இந்த அளவுகள் எடுக்கும்போது குதிரையை உள்ளே நிறுத்தி வைக்காதீர்கள், அதன் இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்குங்கள்.

டிரெய்லர் கிடைமட்டமாக ஓட வேண்டும். டார்ஷன் அச்சுகள் (இலைச் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கத்தால் அதிர்வைத் தாங்குபவை) சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது; மூக்கு உயர்ந்தால் பின் அச்சு அதிகம் சுமக்கும், டயர் சூடேறும்.

பார் மாட்டும்போதும் கழற்றும்போதும் கப்ளரைப் பூட்டியபடியே ஜாக்கால் டிரெய்லரையும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். இறுக்கத்தில் இருக்கும் பாரை நெம்பிக் கழற்றினால் கை உடையும். வண்டியில் டிரெய்லரை மாட்டிய பிறகே குதிரையை ஏற்றவும். கழற்றுவதற்கு முன் குதிரையை இறக்கிவிடவும். ஒன்றேகால் அங்குலத் தண்டு கொண்ட பாலின் நட்டுக்கு வழக்கமான முறுக்கம் 450 அடி-பவுண்டு. சாதாரண ஸ்பானரால் அதை எட்ட முடியாது, பட்டறையில் நீண்ட டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்கச் சொல்லுங்கள். முதல் பயணம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதிக்கவும்.