கோழி எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? அருஞ்சொல் குறுக்கெழுத்துக்கு நான்கு துணைகள்

'பணத்தின் நடுப்பகுதி ஏழு நாளுக்குள் அடைபட்ட கோழி (4)'.

இந்த அலசலுக்காக நானே எழுதிய குறிப்பு இது. நான்கு கட்டங்கள். நெடுக்கு விடைகளால் இரண்டாம் கட்டத்தில் 'ர', நான்காம் கட்டத்தில் 'ம்' விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கோழி என்றால் பேடு, சேவல், பெட்டை என்றுதான் மனம் ஓடுகிறது. எதுவும் கட்டத்தில் அமரவில்லை. இனி எதை எடுப்பது? கணினித் தேடலா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனா, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியா, சொற்களைச் செய்யுளில் தொகுத்த பழைய நிகண்டா? நான்கையும் பல வருடங்களாக மேசையில் வைத்துக்கொண்டு புதிர் அவிழ்ப்பவன் என்ற முறையில், அருஞ்சொற்கள் மண்டிய புதிருக்கு எது உண்மையில் கைகொடுக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணினித் தேடல். தெரியாத இடத்தைப் புள்ளியாக விட்டுத் தெரிந்த எழுத்துகளைக் கொடுத்தால், பொருந்தும் சொற்களை எல்லாம் கொட்டிவிடுகிறது. ஆங்கிலப் புதிரில் இது பெரிய ஆயுதம். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழு உயிர்மெய் என்பதால், ஓர் எழுத்து தெரிந்தாலே ஆங்கிலத்தைவிட அதிகம் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் தேடல் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். ஆனால் மேலே உள்ள குறிப்புக்கு அது எனக்கு உதவவில்லை. மூன்றாம் கட்டத்தில் 'ண' இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னாலும் அரணம், ஆரணம், கரணம், காரணம், சரணம், தோரணம், பூரணம், மரணம், வாரணம் என்று வரிசை நீள்கிறது. விகுதி போல ஒரே வாலில் முடியும் சொற்கள் நம் மொழியில் ஏராளம். முதல் எழுத்து தெரியாதவரை மற்ற மூன்றும் தெரிந்தும் பயனில்லை. பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது விடையைத் தரலாம். புதிரை அவிழ்த்த நிறைவைத் தராது. அதனால் இதற்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

க்ரியாவின் அகராதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992இல் முதலில் வந்த அந்த அகராதி இன்றைய எழுத்துத் தமிழுக்கானது. அருஞ்சொல் அதில் இல்லாதது குறையல்ல. அதன் நோக்கமே வேறு. ஆனால் குறிப்பின் ஒரு பாதிதான் விடையின் பொருள். இன்னொரு பாதி, அதாவது சொல்லைக் கட்டும் துண்டுகள், பெரும்பாலும் அன்றாடச் சொற்களே. அந்தப் பாதிக்கு அதைப் புரட்டலாம்.

உண்மையான போட்டி லெக்சிகனுக்கும் நிகண்டுக்கும் இடையேதான்.

லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அனுபந்தம் பின்னால் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். எந்தப் பொருளுக்கு எந்த இலக்கியச் சான்று என்பதும் அங்கேயே கிடைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் அதை இப்போது பொருள்வழியாகவும் தேடலாம். கோழி என்று கொடுத்தால், விளக்கத்தில் கோழி வரும் பதிவுகள் எல்லாம் வந்து நிற்கும். பயன் பெரிது, சலிப்பும் பெரிது. ஒருமுறை அதன் ஆங்கில விளக்கங்களில் கரடிக்குப் பழஞ்சொல் தேடினேன். கரடிக்கான ஆங்கிலச் சொல்லே 'தாங்குதல்' என்ற வினைக்கும் உரியது என்பதால், சுமப்பது, பொறுப்பது, ஈனுவது என்று திரை முழுக்க வினைச்சொற்கள். நான் தேடிய எண்கு அந்தக் கூட்டத்தில் எங்கோ கிடந்தது.

அதே எண்குக்கு நிகண்டில் எவ்வளவு நேரம் ஆகும்? மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திறந்தால் மூன்றாவது தொகுதி விலங்கின் பெயர்கள். கரடியைத் தேடிப்போனால், எண்கு, உளியம் என்று அதன் மறுபெயர்கள் ஒரே இடத்தில் இருக்கும். குறிப்பு தரும் பொருளிலிருந்து அரிய சொல்லுக்குப் போக வேண்டியவனுக்கு இதைவிட நேர்வழி இல்லை. பொருளை வைத்துச் சொல்லை அடுக்கியவர்கள் நம் நிகண்டு ஆசிரியர்கள். அகரவரிசைக்கு முந்தைய அந்த ஒழுங்கைப் பழைமை என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதைவிட எனக்கு நெருக்கமானது அதே நூலின் பதினோராவது தொகுதி. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி அது. அங்கே சொற்கள் முதல் எழுத்தால் அல்ல, எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால் அடுக்கப்பட்டிருக்கின்றன. மனப்பாடம் செய்வதற்காக அமைத்த முறை. குறுக்கெழுத்துக்காரனுக்கோ இது பெரும் உதவி. முதல் கட்டம் காலியாகவும் இரண்டாம் கட்டம் நிரம்பியும் இருக்கும் நேரத்தில் அகரவரிசை அகராதி எதுவும் பேசாது. நம் குறிப்பில் இரண்டாம் எழுத்து 'ர'. ரகர எதுகைப் பக்கத்துக்குப் போய்க் கோழி என்ற பொருள் தென்படுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியிலும் தொடையகராதி என்று ஒரு பகுதி உண்டு. அதுவும் எதுகைக்கு உதவும். 'எட்டு மங்கலங்களில் ஒன்று' என்பது போன்ற தொகைக் குறிப்புகளுக்கு அதே நூலின் தொகையகராதி.

நிகண்டின் குறை செய்யுள் நடை. சீர் பிரிக்கத் தெரியாவிட்டால் எந்தப் பொருள் எந்தச் சொல்லுக்கு என்பதே குழம்பும். உரையில்லாத பதிப்பை வாங்கிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சந்தேகம் வந்தால் லெக்சிகனிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னால் வர வேண்டியது பென்சில். ஏழு நாள் என்றால் வாரம். பணம் என்ற சொல்லின் நடுவில் நிற்பது 'ண'. வாரத்துக்குள் அதை அடைத்தால் வார-ண-ம். வாரணம் என்றால் யானை என்று மட்டும் அறிந்தவர் இங்கே தயங்குவார். அப்போதுதான் அகராதியைத் திறக்க வேண்டும்: யானை, சங்கு, கடல், கவசம், கூடவே கோழி. சிலப்பதிகாரத்தில் உறையூரைச் சொல்லும் இடத்தில் முறஞ்செவி வாரணம் யானை, அதை வென்ற புறஞ்சிறை வாரணம் கோழி. இரண்டும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கின்றன. தெரியாத சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டிவிட்டு, அது உண்மையிலேயே இருக்கிறது என்று அகராதியில் பார்க்கும் கணத்துக்காகவே நான் இந்தப் புதிர்களை விடாமல் அவிழ்க்கிறேன். கணினிப் பட்டியல் அந்தக் கணத்தைப் பறித்துவிடுகிறது.

எண்குவும் அப்படித்தான்: 'நான்காம் வேற்றுமை உருபை எண்ணுக்குப் பின்னால் வைத்தால் கரடி (3)'. எண், கு. கரடியின் பழம்பெயர் தெரியாதவரும் எழுதிவிடலாம். அருஞ்சொல்லை விடையாக வைக்கும் புதிராசிரியர், அதைக் கட்டும் வழியை இப்படி எளிமையாக வைக்கக் கடமைப்பட்டவர். விடையும் அரிது, துண்டுகளும் அரிது என்றால் அது நியாயமான புதிர் அல்ல.

இங்கிலாந்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 1972இல் அப்சர்வர் இதழில் தொடங்கிய அசெட் புதிர்கள் அரிய சொற்களுக்குப் பேர்போனவை. அவற்றுக்குச் சேம்பர்ஸ் என்ற ஆங்கில அகராதி வெளிப்படையாகவே பரிந்துரைக்கப்பட்டது. போடுபவரும் அவிழ்ப்பவரும் ஒரே புத்தகத்தை நம்பலாம். தமிழ்ப் புதிராசிரியர்களும் புதிரின் தலைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்: 'இதில் வரும் அருஞ்சொற்கள் லெக்சிகனில் உள்ளவை' என்று. அந்த உறுதி இருந்தால், பென்சிலால் கட்டிய சொல்லைத் தேடி நான்கு புத்தகங்களுக்குள் அலைய வேண்டியிருக்காது. நிகண்டை அப்போதும் நான் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பேன், ரகர எதுகைப் பக்கத்தில் ஒரு நூலை அடையாளமாக வைத்து.