நிழல் கம்பா, மழைக் குப்பியா, பெட்டிச் சாமானா?

ஏப்ரல் பிறந்தால் செய்தித்தாளில் ‘நிழலில்லா நாள்’ வந்துவிடும். மே கடைசியில் ‘பருவமழை எப்போது?’ என்று கேட்கத் தொடங்குவார்கள். இரண்டுக்கும் இடையே, விடுமுறையில் பிள்ளைகளை விஞ்ஞானி ஆக்கிவிடும் பெட்டிகளின் விளம்பரம். சென்ற கோடையில் கொட்டாரத்திலிருந்து அக்காவின் பிள்ளைகள் இருவரும் அதே கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெண் ஏழாம் வகுப்பு, பையன் நான்காம் வகுப்பு. நிழலை அளக்கும் கம்பு, மழையை அளக்கும் குப்பி, கடைப் பெட்டி என மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம்.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால். ஆயிரத்து இருநூறு ரூபாய். மேலே ‘நூறு சோதனைகள்’ என்று அச்சிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் அவற்றில் பாதி, ஆப்பச் சோடாவில் புளிப்பை ஊற்றி நுரை பொங்க வைக்கும் ஒரே வித்தையின் வேறு வேறு வேடங்கள். எரிமலை இரண்டு சாயங்காலம் பொங்கியது. மூன்றாம் நாள் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். என்ன நடக்கும் என்பது அட்டையிலேயே வண்ணப்படமாக இருக்கும்போது எதற்காகக் காத்திருப்பது? கூடவே ஓர் எச்சரிக்கை: பெட்டிக்குள் பொத்தான் பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுத்து உயரத்தில் வையுங்கள். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நிழல் கம்பு இதற்கு நேர் எதிர். செலவே கிடையாது. ஒரு மீட்டர் கம்பு, சமதளமான மொட்டை மாடி, கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தூக்குக்குண்டு. நூலில் கட்டிய பூட்டு போதும், கொத்தனாரைத் தேட வேண்டாம். கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரத்தில் நேராக நட்ட கம்புக்குப் பக்கத்தில் நிழல் விழாது, அதுதான் நிழலில்லா நாள். நண்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு இல்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்காங்கை வைத்துக் கணக்கிடப்படுவது. நாம் அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருப்பதால் சூரியன் 12.20ஐ ஒட்டித்தான் உச்சிக்கு வரும். பன்னிரண்டு மணிக்கே பார்த்துவிட்டு, செய்தி பொய் என்று இறங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இதில் குறை என்னவென்றால், ஏப்ரல் நாள் பெரும்பாலும் தேர்வு நேரத்தில் வருகிறது. செப்டம்பர் நாளுக்கு மேகம் வழிவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளும் தேர்வு முடிந்து வந்து சேர்வதற்குள் நாள் போய்விட்டது. சரி என்று கம்பை நட்டோம். அப்போதுதான் செய்தியைவிடப் பெரிய விஷயம் அகப்பட்டது: நண்பகல் நிழல் தெற்கே விழுந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இந்த மாவட்டத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் கம்புக்குத் தெற்கே சுமார் 27 செ.மீ. நிழல் விழும், டிசம்பர் 21 வாக்கில் வடக்கே சுமார் 61 செ.மீ. “வடக்குப் பக்கச் சுவரில் வெயிலே படாது என்று நினைத்தேன்” என்றாள் பெண். நானும் நாற்பது வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சென்னையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 24 வாக்கில் வருகிறது. அங்கே இருக்கும் சித்தி மகன் அன்று 12.07க்குத் தன் கம்பின் அடியில் நிழல் ஒடுங்கியதைப் போனில் சொன்னான். இங்கே 12.19க்கு எங்கள் நிழல் மிகக் குறுகி, 8.2 செ.மீ. காட்டியது. அதைத் தாளில் வரைந்து பார்த்தால் கோணம் 4.7 பாகை. பூமியின் வளைவில் இரண்டு ஊரும் வடக்கு தெற்காக அவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பொருள். ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகை. ஆக, இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை 360/4.7 ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. எரடோஸ்தெனிஸ் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த கணக்குதான் இது. பெண் ரயில் தூரத்தை 700 கிலோமீட்டர் என்று போட்டாள். பூமி சுமார் 53,600 கிலோமீட்டருக்கு வீங்கிவிட்டது. ரயில் வளைந்து வளைந்து போகிறது, சென்னையோ நமக்கு நேர் வடக்கிலும் இல்லை. நமக்கு வேண்டியது வடக்கு தெற்கு இடைவெளி மட்டும், அது ஏறத்தாழ 535. இப்போது விடை 41,000ஐ ஒட்டி வந்தது. உண்மையான அளவு சுமார் 40,000. ஒரு கம்புக்கு இது போதாதா?

சூரியனை மட்டும் அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். நிழலைப் பார்ப்பதற்காகத்தான் கம்பு.

இவ்வளவு சொல்லியும் நான் முதலிடம் தருவது மழைக் குப்பிக்குத்தான். நேரான பக்கங்கள் உள்ள பிளாஸ்டிக் குப்பியின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்தால் அதுவே புனல். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும், ஆகவே கூழாங்கல் போட்டு, சமமாகும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து ஸ்கேலை ஒட்ட வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு அளவு எடுத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வானிலைத் துறை அளவெடுப்பதும் அதே நேரத்தில்தான். தேங்கிய நீரை விட்டுவைத்தால் கொசு வந்து குடியேறும்.

இந்த மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. மழை நாட்களில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், தக்கலை, குளச்சல், மயிலாடி, கொட்டாரம் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டர் கணக்கு செய்தித்தாளில் வருகிறது. முதல் கோடை மழைக்கு எங்கள் குப்பி 9 காட்டியது. மறுநாள் பத்திரிகையில் தக்கலைக்கு 22. பையன் பத்திரிகைதான் தப்பு என்றான். பெண் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குப்பி தென்னை மரத்தடியில் இருந்தது. ஓலை வாங்கிக்கொண்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. மாடிக்கு மாற்றினோம்.

அடுத்த மழைக்குப் பாட்டா (எங்கள் ஊரில் தாத்தா) மண்ணைக் கிளறிப் பார்த்து, “ஓர் உழவு மழை” என்றார். குப்பியில் 23 மி.மீ. அவர் மில்லிமீட்டரை நம்பவில்லை. ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர், ஆகவே நேற்று ராத்திரி நம் மாடியில் மட்டும் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது என்று பெண் விளக்கினாள். “அவ்வளவும் ஓடையில் போயிற்றே மக்களே” என்று பாட்டா தலையில் கை வைத்தார்.

நிழலுக்கு வருடத்தில் இரண்டு நாள்தான் சிறப்பு. மழை இங்கே இரண்டு பருவத்திலும் வருகிறது: பாட்டா இன்னும் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவம், பிறகு துலா மழை என்னும் வடகிழக்குப் பருவம். தவறினால் அடுத்த மழைக்குச் சரிசெய்துகொள்ளலாம். சலிப்பு தட்டும், அதை மறைக்க மாட்டேன். தொடர்ந்து பத்து நாள் பூச்சியம் எழுதும் பிள்ளைக்கு எரிமலைப் பெட்டி ஞாபகம் வராமல் இருக்காது.

அப்படி ஞாபகம் வந்ததும்தான் பெட்டிக்கு ஒரு மறுபிறப்பு கிடைத்தது. பையன் உள்ளே இருந்த சிறு மோட்டாரை மட்டும் எடுத்து, அதன் அச்சில் ஓலைக் காற்றாடி ஒன்றைச் செருகி, ஆரல்வாய்மொழிப் பக்கம் போனபோது பஸ் நிறுத்தத்தில் நீட்டிப் பிடித்தான். கணவாய்க் காற்றில் காற்றாடி சுற்ற, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் முள் அசைந்தது. எதிரே முப்பந்தல் காற்றாலைகள். மின்சாரம் வேண்டும் என்றால் கம்பும் குப்பியும் உதவாது. ஆனாலும் அதற்கு மோட்டாரும் கம்பியும் தனியாக எலக்ட்ரிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், நுரை எரிமலையைச் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

பள்ளி திறந்து ஊருக்குப் போனவன் கொட்டாரத்தில் இன்னொரு குப்பி வைத்துவிட்டான். மலை விலகிப்போன அந்தத் தென்கிழக்கு மூலையில் தென்மேற்குப் பருவமழை குறைவு. இங்கே கொட்டும் நாளில் அங்கே ஒரு துளி இல்லாமலும் போகும். ஜூனில் ஒருநாள் காலை போன் வந்தது. அவனுக்குப் பூச்சியம், எனக்கு 31 என்றேன். மறுநாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு மீண்டும் கூப்பிட்டான்.

“தக்கலைக்கு 17 என்றுதான் போட்டிருக்கிறது. முந்தின நாள் தண்ணீரைக் கொட்டவில்லைதானே மாமா?”