தூரநோக்கா, பணிநோக்கா: எது முதலில்?

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் இலவச டியூஷன் வகுப்புக்குப் பதாகை அடிக்கும்போது வெள்ளைப் பலகையில் இரண்டு வரிகள் எழுதினோம்.

"இந்த வட்டாரத்தில் தமிழ் வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளையே இருக்கக்கூடாது." இது தூரநோக்கு, நாம் போய்ச் சேர விரும்பும் இடம். "சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வாசிப்பு." இது பணிநோக்கு, அதற்காக இன்று செய்யும் வேலை.

1991-இல் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் அறிவித்த 2020 தூரநோக்கையே பாருங்கள். 2020-க்குள் வளர்ச்சியடைந்த நாடு என்ற இலக்கு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அதன் ஒன்பது சவால்களை மறந்தவர்களுக்கும் அந்த ஆண்டு நினைவிருக்கிறது. அன்றாட வேலையோ ஐந்தாண்டுத் திட்டங்களில் இருந்தது.

என்னைக் கேட்டால் தூரநோக்குதான் முதலில். சனிக்கிழமை வகுப்பு ஞாயிறுக்கு மாறலாம், அது பரவாயில்லை. பதாகையில் முதல் வரியைத்தான் பெரிய எழுத்தில் போட்டோம்.