உப்புக்காற்றில் ஊறிய 800-க்கு வைத்தியம் பார்த்த ஷெட்

என் மாருதி 800, 1998 மாடல். நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி ஆறு வருஷம் சும்மா நின்ற வண்டி. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கணும். முதலில் போன இடத்தில் போல்ட் எல்லாம் கழற்றிவிட்டு, கடப்பாரை மாதிரி ஒன்றைக் கொடுத்து நெம்பினார்கள். கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் கூட்டின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் கயிறு கட்டி இந்தத் தகர ஷெட்டுக்கு இழுத்து வந்தேன். மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டவல் பின் ரெண்டும் பிடிச்சிருக்கு சார். இதை நெம்பக் கூடாது" என்றார். இன்ஜினையும் பாக்ஸையும் நேராக நிறுத்துகிற இரும்புப் பின்கள் அவை. சுற்றி இருப்பது அலுமினியம். உப்பு ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

ரெண்டு நாள், காலையும் மாலையும், துரு இளக்குற ஆயில். மூணாம் நாள் பாக்ஸுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, மரக்கட்டை வைத்து இந்தப் பக்கம் நாலு தட்டு, அந்தப் பக்கம் நாலு தட்டு. நூலளவு இடைவெளி தெரிந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீ சொன்னார்! அரை மணி நேரத்தில் பாக்ஸ் கையோடு வந்தது.

திரும்பப் பூட்டும்போது பின்களை எமரி பேப்பரால் தேய்த்து கிரீஸ் தடவினார். யார் செய்கிறார்கள் அதையெல்லாம்?

குறை: மூணு நாள் என்றது ஆறு நாள் ஆனது. பில் கிடையாது, அட்டைப்பெட்டியில் கிழித்த துண்டுதான். கூலி 3,500.