பிரஷ் கட்டர் டேங்கில் கீறல் விட்டால்: பசையா, வெல்டிங்கா, புதுசா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்குமாடித் தோட்டத்துக்குப் புல் வெட்டும் பழைய பிரஷ் கட்டர் ஒன்று உண்டு. மழை விட்டுப் புல் முழங்கால் உயரம் வளர்ந்த சமயத்தில், டேங்கின் அடியிலிருந்து பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. "எபாக்ஸி வெச்சு அடைச்சிடலாம் சார்" என்றார் தோட்டக்கார அண்ணன். அடைத்தோம். நாலாம் நாள் ஓரம் பெயர்ந்துகொண்டது.

பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த டேங்குகள் பெரும்பாலும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக். மெழுகு போன்ற அதன் மேல் எபாக்ஸியும் சூப்பர் க்ளூவும் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். நைலான் டேங்க் என்றால் எபாக்ஸி ஓரளவு ஒட்டும். எது என்று தெரிய, ஓரத்தில் ஒரு சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள்: மிதந்தால் ஹெச்டிபிஇ, மூழ்கினால் நைலான்.

ஹெச்டிபிஇ-க்கு என் ஓட்டு வெல்டிங்குக்கே. கீறலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளை போட்டால் அது மேலும் நீளாது. கீறலை 'வி' வடிவில் சீவி, முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட காலி ஆயில் கேனிலிருந்து நறுக்கிய கீற்றைச் சால்டரிங் அயர்னால் உருக்கி நிரப்ப வேண்டும். தண்ணீர் பாட்டில் துண்டு உதவாது, அது வேறு பிளாஸ்டிக்.

இதில் விளையாட முடியாதது ஆவி. பெட்ரோல் ஹெச்டிபிஇ-க்குள் ஊறியிருக்கும். கழுவிக் காயவைத்தாலும் வாசனை மறுபடி வரும். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, திறந்த வெளியில் இரண்டு நாள் உலர்த்தி, கீறல் மேலே இருக்கும்படி பிடித்து, அதற்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பிய பிறகே சால்டரிங் அயர்னைத் தொடுங்கள். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

டேங்கின் இணைப்புக் கோட்டிலோ பெட்ரோல் ஹோஸ் நுழையும் துளையிலோ கீறல் இருந்தால், அல்லது பிளாஸ்டிக் வெளுத்து முறுகியிருந்தால், புதுசு வாங்குவதே சரி. ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்தில் விடும். மாடல் எண்ணையும் பழைய டேங்கையும் எடுத்துக்கொண்டு பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் கேளுங்கள். மரம் அறுக்கும் செயின்சாவில் பல மாடல்களில் டேங்க் உடம்போடு சேர்ந்தே வருவதால் வேலை பெரிது.

இதற்கெல்லாம் முன்னால் ஹோஸ் துளையிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். ஹெச்டிபிஇ அதைத் தாங்கும், பழைய ரப்பர் இளகிவிடும். எங்களுடைய கட்டரில் வெல்டிங் போட்ட இடம் இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. போன மாதம் மறுபடி சொட்டியபோது மாற்றியது அந்த வளையத்தைத்தான்.