ஐடிஎஸ் மட்டும் போதுமா? பயிர்ப் பூஞ்சைகளை மரபணு பார்த்துப் பிரித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பயிர்நோய் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஐடிஎஸ் பண்ணினா போதாதா?" ஐடிஎஸ் என்பது எந்தப் பூஞ்சை என்று அறிய வழக்கமாக முதலில் வரிசை படிக்கும் ஒரு டிஎன்ஏ பகுதி.

பல நேரம் போதும். டோங்காட் பக்கம் மிளகாய் போடும் பெரியவர் ஒருவர் அழுகிய பழங்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். குழிந்த வட்டப் புள்ளி, நடுவில் ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு. கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சை என்று பார்த்ததுமே தெரிந்தது. "பேர் இருக்கட்டும் தம்பி, நான் அடிக்கிற மருந்து கேக்குமா?" என்றார். ஐடிஎஸ் வரிசை, அதில் அக்யூட்டேட்டம் கூட்டம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) என்று காட்டியது. கார்பென்டசிம் வகை மருந்துகளுக்கு, கிளியோஸ்போரியாய்டிஸ் கூட்டம் அளவுக்கு இது அடங்காது. அவருக்கு வேண்டிய பதில் அதுதான். கூட்டத்துக்குள் எந்த இனம் என்று போனால்தான் சிக்கல். கிளியோஸ்போரியாய்டிஸில் மட்டும் 2012-இலேயே 22 இனங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. அங்கே ஜிஏபிடிஎச் போன்ற மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தே ஆகவேண்டும்.

ஃபியூசேரியம் பூஞ்சையா, ஐடிஎஸ்ஸில் காசைப் போடாதீர்கள். நேராக டிஇஎஃப்-1 மரபணு.

எனக்கு மிகவும் பிடித்த வேலை மக்காச்சோளச் சாம்பல் இலைப்புள்ளி நோய். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இது 1988-இல் தென்பட்டது. நரம்புகளுக்கு நடுவே அடைபட்டு நீளும் செவ்வகப் புள்ளிகள். அமெரிக்காவில் இருக்கும் செர்கோஸ்போரா சீயே-மேடிஸ் பூஞ்சைதான் இங்கேயும் என்று நினைத்திருந்தார்கள். 2006-இல் செர்கோஸ்போரா சீனா (Cercospora zeina) தனி இனமாக விவரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க வயல்களில் இருப்பது இதுதான் என்று 2009-இல் உறுதியானது. இலையில் இரண்டும் ஒரே மாதிரி. வளர்ப்புத் தட்டில் வளர்த்தால் சீனா இனம் மெதுவாக வளரும், செர்கோஸ்போரின் என்னும் சிவப்பு நச்சை விடாது. ஆனால் தட்டு வளரக் காத்திருக்க வேண்டும். ஹிஸ்டோன் எச்3 மரபணுவில் இனத்துக்கென்றே அமைத்த பிரைமர்கள் இருக்கின்றன; டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள் இவை. வரிசை படிக்க அனுப்பாமலே, ஜெல்லில் பட்டை விழுகிறதா என்று பார்த்து அன்றைக்கே சொல்லிவிடலாம். நோய் தாங்கும் ரகம் தேடுகிறவர்கள் எந்தப் பூஞ்சையை வைத்துச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் சோதித்து என்ன பயன்? எனக்கு இது வெறும் பெயர் விவகாரமாகத் தோன்றியதே இல்லை.

தொல்லைகளும் உண்டு. மாவிலையின் பாலிஃபீனால் பிசிஆரையே முடக்கும், டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடாப் கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்தால் சரியாகும். மின்வெட்டு பிசிஆர் நடுவில் வந்தால் அந்தச் சுற்று போச்சு, யுபிஎஸ் இல்லாமல் இயந்திரம் வாங்காதீர்கள். வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் 99 சதவீதம் ஒற்றுமை என்று வந்தாலும் உடனே நம்பவேண்டாம், ஜென்பேங்க் என்னும் பொது வரிசைக் களஞ்சியத்தில் தவறான பெயரில் கிடக்கும் வரிசைகள் ஏராளம். இனத்தை முதலில் விவரித்த மூல மாதிரியின் வரிசையோடு ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால் ஒற்றை வித்திலிருந்து தனியாக வளர்த்தெடுங்கள். புள்ளியை அப்படியே அரைத்துப் போட்டால், செத்த திசுவில் பிறகு குடியேறிய ஆல்டர்நேரியா பூஞ்சையின் வரிசைதான் பல நேரம் கைக்கு வரும்.